ஓடையில் ப்ரூக் ட்ரவுட் குறைகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

அமெரிக்காவில் பென்சில்வேனியா மலைப்பக்கம் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடமாக, சனிக்கிழமை ஆனால் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிடுகிறேன். ப்ரூக் ட்ரவுட் என்ற மீனுக்காக ஓடைகளைச் சீர்செய்யும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஓடையோரம் நிலம் வாங்கிய நம் ஆட்கள் சிலரும் இப்போது விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். "போன வருஷம் இருந்த மீன் இந்த வருஷம் காணோம், பண்ணையிலிருந்து நாலு பக்கெட் குஞ்சு வாங்கி விட்டுடலாமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது.

வேண்டாம். ஓடையில் எது கெட்டிருக்கிறதோ அது புதுக் குஞ்சையும் கொல்லும். பண்ணை மீன் நோயைக் கொண்டுவரும், அந்த ஓடைக்கே பல தலைமுறையாகப் பழகிய மீனோடு கலந்து அதன் வம்சத்தையும் கெடுக்கும். அனுமதி இல்லாமல் ஓடையில் மீன் விடுவது இங்கே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றமும் கூட.

மீனை ஒரு தடவை அடையாளம் சொல்லிவிடுகிறேன். முதுகு கரும்பச்சை, அதில் புழு ஊர்ந்த மாதிரி வெளிர்க்கோடுகள். பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி, அந்தப் புள்ளியைச் சுற்றி நீல வளையம். கீழ்த் துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பால் கோடு இழுத்தது போல ஒரு வெள்ளைப் பட்டை. இந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பெயரில் ட்ரவுட் என்று இருந்தாலும் இது சார் என்ற இனத்தைச் சேர்ந்தது. ஜார்ஜியாவின் அப்பலாச்சியன் மலையில் தொடங்கி வடக்கே கியூபெக், லாப்ரடார் வரை இதன் சொந்த ஊர். 2006-இல் மெய்னிலிருந்து ஜார்ஜியா வரை 17 மாநிலங்களில் கணக்கெடுத்தபோது, பழையபடி முழுமையாக இந்த மீன் நிறைந்திருந்த சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகள் வெறும் 5 சதவீதம்தான் என்று தெரிந்தது. மிச்ச இடங்களில் பலவற்றில் மீன் குறைந்துவிட்டது, அல்லது அடியோடு போய்விட்டது.

எதையும் சரிசெய்யக் கிளம்புவதற்கு முன்னால் மூன்று பொருள் வாங்கிக்கொள்ளுங்கள்: நல்ல தெர்மாமீட்டர், அமிலத்தன்மை பார்க்கும் பிஎச் மீட்டர், ஒரு நோட்டு. மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடையில் மேல்நோக்கி நடக்க வேண்டும். மீன் செத்துக் கிடக்கும் இடமும் அதற்குக் காரணமான இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. காரணம் மேலே இருக்கும், சில நேரம் இரண்டு மைல் மேலே. இதைப் புரிந்துகொள்ளாமல் மீன் இல்லாத இடத்திலேயே கல் அடுக்கி, மரம் நட்டு, பணத்தைக் கொட்டிய ஓடைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அறிகுறி: ஜூலை, ஆகஸ்டில் மீன் காணோம், அல்லது ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கிறது

வெப்பம்தான். வேறு எதையும் யோசிக்காதீர்கள், முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்.

ப்ரூக் ட்ரவுட்டுக்கு 18 டிகிரி செல்சியஸ் வரை சௌகரியம். 20-ஐத் தாண்டினால் இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு ஒதுங்க இடம் தேடும். 24, 25 டிகிரி சில நாள் நீடித்தால் உயிர் தங்காது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, மீனுக்கோ அந்தச் சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடுதல், அதனால் இரண்டு பக்கமும் அடி. நம் ஊர்க் குளத்தில் கெண்டை 30 டிகிரியில் கும்மாளம் போடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மீனைப் பார்த்தால் எதுவும் விளங்காது.

ஒரு மடுவில் மட்டும் இருபது முப்பது மீன் தோளோடு தோள் ஒட்டி, தலையை ஒரே பக்கம் வைத்துக்கொண்டு நின்றால், அந்த மடுவின் அடியில் ஊற்று இருக்கிறது, அல்லது குளிர்ந்த சிற்றோடை ஒன்று அங்கே வந்து சேர்கிறது என்று அர்த்தம். இங்கே நிலத்தடி நீர் கோடையிலும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்த நேரத்தில் அங்கே தூண்டில் போடாதீர்கள், இறங்கி நடக்காதீர்கள், நாயை விடாதீர்கள். அந்த ஒரு மூலைதான் அவற்றுக்கு மிச்சம் இருக்கிற இடம்.

இப்போது சூடு எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் மதியம் மூன்று மணி வாக்கில், ஐந்நூறு அடிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரை ஓடும் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டே மேலே போங்கள். படிப்படியாக ஏறினால் நிழல் இல்லாததுதான் காரணம். ஒரே இடத்தில் சட்டென்று மூன்று நான்கு டிகிரி குதித்தால் அங்கே ஏதோ ஒன்று ஓடையில் வந்து கலக்கிறது. நான் முதன்முதலாக வேலை பார்த்த ஓடையில் கீழே 22, மேலே 17. நடுவில் ஒரு பண்ணைக் குளம். குளத்தின் மேற்பரப்புத் தண்ணீர் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, வழிந்து, நேராக ஓடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. நாங்களோ அதற்கு முந்தின வருடம் குளத்துக்குக் கீழே முந்நூறு மரக்கன்று நட்டிருந்தோம். கன்று நட்டதில் தப்பில்லை, ஆனால் அந்த வருடத்து உழைப்பு குளத்தின் வடிகாலுக்குப் போயிருக்க வேண்டும். மேற்பரப்பு நீருக்குப் பதில் குளத்தின் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் வெளியேறும்படி குழாயை மாற்றலாம், தேவையே இல்லாத குளம் என்றால் உரிமையாளரின் சம்மதத்தோடு குளத்தையே எடுத்துவிடலாம்.

ஒருநாள் பார்த்த அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. தண்ணீருக்குள் போட்டு வைக்கும் வெப்ப லாகர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கிடைக்கும், மணிக்கொரு தடவை தானாகவே பதிந்துகொள்ளும். ஒன்றை ஓடையில், ஒன்றைக் கரையில் மர நிழலில் என்று ஜோடியாக வையுங்கள். காற்றின் வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு கோடை முழுக்கப் பார்த்தால், ஊற்றுநீர் தாங்குகிற ஓடை எது, வருகிற வருடங்களில் கைவிட்டுப் போகப்போகிற ஓடை எது என்று தெரியும். லாகருக்கு மேலே வெயில் படாமல் வெள்ளை பிவிசி குழாய்த் துண்டில் போட்டு, கனமான கல்லிலோ மர வேரிலோ கம்பியால் கட்டுங்கள். வெயில் நேராகப் பட்டால் கருவி தன் சூட்டையே தண்ணீரின் சூடாகப் பதிந்துவிடும்.

நிழல்தான் பிரச்சினை என்றால் மரம் நடத்தான் வேண்டும். இரண்டு கரையிலும் குறைந்தது 35 அடி, முடிந்தால் நூறு அடி. மாடு மேயும் நிலம் என்றால் முதலில் வேலி, அப்புறம்தான் கன்று. இங்கே மான் தொல்லை மிக அதிகம், கூடு இல்லாமல் நட்ட கன்று ஒரு குளிர்காலம் தாங்காது. ஆள் மார்பளவு உயரப் பிளாஸ்டிக் குழாயைக் கன்றைச் சுற்றி மாட்டி, ஓக் குச்சியோடு கட்டி, குழாயின் வாயில் வலையைப் போடுங்கள். வலை இல்லாவிட்டால் குருவிகள் உள்ளே இறங்கி ஏற முடியாமல் சாகும், அதை ஒருமுறை பார்த்தால் வலையை மறக்க மாட்டீர்கள். சுற்றியுள்ள புல்லை மட்டமாக வெட்டி வையுங்கள், இல்லையென்றால் புல்லுக்குள் ஒளிந்து வயலெலி பனிக்காலத்தில் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். ஆல்டர், சிகமோர், சில்வர் மேப்பிள் எல்லாம் சீக்கிரம் வளரும். இலையுதிர்ந்த பருவத்தில் வெட்டிய வில்லோ குச்சியை ஈரக் கரையில் அப்படியே செருகினாலே வேர் பிடிக்கும். பத்து வருடம் ஆகும் நிழல் விழ. நம்புங்கள், விழும்.

அறிகுறி: பெரிய மீன் இருக்கிறது, விரல் நீளக் குஞ்சு ஒன்றுகூட இல்லை

இது ஆபத்தான அறிகுறி. மேலோட்டமாகப் பார்த்தால் ஓடை நன்றாக இருப்பதாகத் தெரியும், "மீன்தான் இருக்கே" என்று விட்டுவிடுவார்கள். சிற்றோடையில் இந்த மீன் மூன்று நான்கு வருடத்துக்கு மேல் வாழ்வது அபூர்வம், அதனால் இரண்டு வருடம் தொடர்ந்து குஞ்சு இல்லை என்றால் சீக்கிரமே மீனே இல்லாமல் போகும்.

முட்டையிடுவது அக்டோபர், நவம்பரில். ஒருமுறை ஒரு பெண் மீனை ஒரு மணி நேரம் கரையில் படுத்துப் பார்த்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும். உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, வாலால் சரளையை அடித்து அடித்துக் கிளப்புகிறது. கிளம்பிய தூசியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது, கல் மட்டும் சற்றுத் தள்ளி விழுகிறது. பத்துப் பதினைந்து தடவை அடித்தபின் ஒரு தட்டு அளவுக்குக் குழி. சுற்றிலும் பாசி பிடித்துக் கறுத்த கல், நடுவில் கழுவி வைத்தது போல வெளிர்நிறக் கல். வயிறு ஆரஞ்சாகச் சிவந்த ஆண் மீன் பக்கத்தில் நின்று வேறு ஆண்களைத் துரத்திக்கொண்டே இருந்தது. முட்டையிட்டதும் மேலே போய் மறுபடி சரளையை அடித்து முட்டையை மூடிவிட்டது. அந்த முட்டை குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் கிடக்கும், குஞ்சு பொரித்த பிறகும் வசந்தம் வரை சரளைக்குள்ளேயே இருக்கும். அத்தனை மாதமும் கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் ஊடுருவி ஓடினால்தான் அதற்கு மூச்சு. இடுக்கில் வண்டல் அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

சோதிப்பது சுலபம். மடு முடிந்து தண்ணீர் வேகமெடுக்கும் இடத்தில், சரளைக்குள் பூட்ஸ் முனையை விட்டுக் கிளறுங்கள். பாலில் டிகாஷன் ஊற்றியது போலப் பழுப்புப் புகை கிளம்பி, நீளமாகப் போய், அடங்க நேரம் எடுத்தால் வண்டல் கூடுதல். இந்தச் சோதனையைக் கோடையில் மட்டும் செய்யுங்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சரளையில் கால் வைக்கவே கூடாது, வெளிர்நிறத் திட்டு தெரிந்தால் கண்டிப்பாகக் கூடாது.

வண்டல் எங்கிருந்து வருகிறது? எல்லோரும் கரை அரிப்பைத்தான் சொல்வார்கள். என் அனுபவத்தில் மலை ஓடைகளில் முதல் குற்றவாளி மண் சாலை. மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு சாலைக்குப் போங்கள். வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. சாலையோரக் கால்வாயில் செம்பழுப்பாகத் தண்ணீர் ஓடி எந்த இடத்தில் ஓடைக்குள் விழுகிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைச் சாலையின் பல இடங்களில் சிறு குறுக்குக் குழாய் போட்டுக் காட்டுக்குள் திருப்பிவிட்டால் காட்டு மண்ணே வடிகட்டிவிடும். வண்டிச் சக்கரத்தில் தேய்ந்து பள்ளமான சாலையை உயர்த்தினாலே பாதித் தொல்லை போய்விடும். பென்சில்வேனியாவில் 1997 முதல் இதற்கென்றே அரசுத் திட்டம் இருக்கிறது, ஊராட்சி மாதிரியான உள்ளூர் அமைப்புகள் அதில் நிதி கேட்கலாம். ஊர்க் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டுங்கள். சாலை பராமரிப்புச் செலவும் குறைகிறது என்று சொன்னால் மீனைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் காது கொடுப்பார்கள்.

வண்டலே இல்லை, குஞ்சும் இல்லை என்றால் இரண்டு சந்தேகம். குளிர்காலத்தில் பெரிய வெள்ளம் வந்து முட்டைக் குழியை அடித்துக்கொண்டு போயிருக்கலாம், அப்படியென்றால் ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள், தானாகவே மீளும். இல்லையென்றால் பனி உருகும் காலத்தில் அமிலம் ஏறியிருக்கலாம், அதற்குக் கீழே வருகிறேன்.

அறிகுறி: சாலைக் குழாய்க்குக் கீழே மீன் இருக்கிறது, மேலே இல்லை

சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாயின் கீழ்வாய்க்குப் போய் நில்லுங்கள். குழாயிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி விழுகிறதா? குழாய்க்கும் கீழே உள்ள மடுவுக்கும் இடையில் முக்கால் அடி, ஒரு அடி உயரம் இருந்தாலே சின்ன மீனுக்கு அது மதில்சுவர். ஏறிவிட்டாலும் உள்ளே வழவழப்பான தகரத்தில் வேகமாக ஓடும் தண்ணீரில் ஓய்வெடுக்க ஒரு கல்கூட இல்லாமல் நாற்பது அடி நீந்த வேண்டும். ஒரு மதியம் நான் நின்று எண்ணியபோது ஒரே மீன் பதினேழு தடவை தாவியது, பதினேழு தடவையும் குழாயின் உதட்டில் இடித்து விழுந்தது. கோடையில் குளிர்ந்த நீர் தேடியும், இலையுதிர்காலத்தில் சரளை தேடியும் மேலே போக வேண்டிய மீன் அது.

தீர்வு, குழாயை எடுத்துவிட்டு அடித்தட்டு இல்லாத வளைவுப் பாலம் போடுவது. ஓடை கரை நிரம்பி ஓடும்போது உள்ள அகலத்தைவிடப் பாலம் அகலமாக இருக்க வேண்டும், அடியில் ஓடையின் சொந்தக் கல்லும் சரளையும் அப்படியே தொடர வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மான்ட்டைப் புரட்டிப் போட்டபோது பழைய குறுகலான குழாய்கள் பல அடைத்துச் சாலையோடு பிய்த்துக்கொண்டு போயின, க்ரீன் மவுண்டன் தேசியக் காட்டில் இப்படி அகலமாகக் கட்டியிருந்தவை நின்றன. செலவைப் பற்றி யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால், மேலே ப்ரூக் ட்ரவுட் மட்டும் இருந்து, கீழே ப்ரவுன் ட்ரவுட்டோ ரெயின்போ ட்ரவுட்டோ இருந்தால் குழாயில் கை வைக்காதீர்கள். அந்தத் தடைதான் மேலே உள்ள மீனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று மீன்வளத் துறையினர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிக் கணக்கெடுத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் மூட முடியாது.

அறிகுறி: ப்ரவுன் ட்ரவுட் கூடுகிறது, ப்ரூக் ட்ரவுட் மேலே மேலே ஒதுங்குகிறது

ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் ட்ரவுட் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் வந்தேறி. இங்கேயும் ப்ரவுன் ட்ரவுட் 1880-களில் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ரெயின்போ அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்தது. இந்த ஓடைகளுக்குச் சொந்தக்காரன் ப்ரூக் ட்ரவுட் ஒன்றுதான். ப்ரவுன் பெரிதாக வளரும், சற்றுக் கூடுதல் சூட்டையும் தாங்கும், நல்ல மடுவைப் பிடித்துக்கொள்ளும், சின்ன மீனைத் தின்னும். இரண்டும் இலையுதிர்காலத்திலேயே முட்டையிடுவதால், ப்ரூக் ட்ரவுட் போட்ட குழியையே தோண்டித் தன் முட்டையை இடும்.

தண்ணீர் சூடேறியதால் ப்ரவுன் வந்திருந்தால், நிழலும் குளிர்ச்சியும் திரும்பினாலே தராசு கொஞ்சம் ப்ரூக் பக்கம் சாயும். பெரிய அளவில் அகற்றுவது தனிமனிதர் வேலை கிடையாது. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் மரவெட்டும் ரெயின்போவும் சேர்ந்து ப்ரூக் ட்ரவுட்டை அதன் பழைய எல்லையில் முக்கால்வாசி இடத்திலிருந்து விரட்டியிருந்தன. அருவி தடையாக இருக்கும் ஓடைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, சின்ன ஓடையில் மின்சாரம் பாய்ச்சிப் பிடித்தும், லின் கேம்ப் ப்ராங் மாதிரி பெரிய ஓடையில் மீன்கொல்லி மருந்து விட்டும் வந்தேறிகளை எடுத்து, சொந்த மலை மீனைத் திரும்ப விட்டார்கள். பல வருட வேலை. உங்களால் முடிந்தது, உங்கள் ஓடையில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தச் சொல்லி எழுதுவது. அதைச் செய்யுங்கள்.

அறிகுறி: கல்லெல்லாம் ஆரஞ்சு, அல்லது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு பூச்சிகூட இல்லை

ஆரஞ்சு என்றால் மேலே பழைய நிலக்கரிச் சுரங்கம். பாறையில் உள்ள பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது, கரைந்து வந்த இரும்பு ஓடையில் படிகிறது. பென்சில்வேனியாவில் மட்டும் இப்படி 5,000 மைலுக்கும் மேல் ஓடைகள் கெட்டிருக்கின்றன. சில இடத்தில் கல் வெள்ளையாகப் படிந்திருக்கும், அது அலுமினியம், மீனுக்கு இரும்பைவிட மோசம், செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். சுண்ணாம்புக்கல் படுகையும் சதுப்புக் குட்டையும் வரிசையாகக் கட்டி, சுரங்கநீரை அதன் வழியே விட்டுப் படியவைத்து ஓடைக்கு அனுப்பினால் உயிர் திரும்புகிறது. பைன் க்ரீக்கில் சேரும் பாப் க்ரீக்கைப் போய்ப் பாருங்கள். செத்த ஓடை என்று கைவிட்டிருந்ததில் சுண்ணாம்பு வேலைக்குப் பிறகு ட்ரவுட் ஓடுகிறது.

சுரங்கமே இல்லாத காட்டில் தண்ணீர் அழகாக, தெளிவாக, காலியாக இருப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. ஒரு கல்லைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வால் உள்ள ஸ்டோன்ஃப்ளைப் புழு, பெரும்பாலும் மூன்று வாலோடு இருக்கும் மேஃப்ளைப் புழு, மணலை ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ் புழு மூன்றும் இருந்தால் ஓடை ஆரோக்கியம். மேஃப்ளை மட்டும் காணாமல் போயிருந்தால் அமிலம் என்று சந்தேகப்படுங்கள், அமிலத்தை முதலில் தாங்காதது அதுதான். ப்ரூக் ட்ரவுட் மற்ற ட்ரவுட்டைவிட அமிலத்தைத் தாங்கும், ஆனாலும் பிஎச் 5-க்குக் கீழே (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) இனப்பெருக்கம் நின்றுபோகும். ஆகஸ்டில் அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், மார்ச்சில் பனி உருகி ஓடும் அந்த ஒரு வாரத்தில் அளக்க வேண்டும், கல்லுக்கடியில் குஞ்சு இருக்கும் வாரம் அது.

அடியில் உள்ள பாறைதான் இதில் எல்லாம். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் ஒரே மழைதான் பெய்கிறது, பசால்ட் என்ற எரிமலைப் பாறை மேல் ஓடும் பைனி ஆறு அமிலத்தைச் சமன் செய்துகொள்கிறது, மணற்பாறை மேல் ஓடும் பெய்ன் ரன் ஓடையால் முடியவில்லை. 1990-இல் காற்றுமாசுச் சட்டத்தைத் திருத்தி ஆலைப் புகையில் கந்தகத்தைக் குறைத்ததால் மழை எவ்வளவோ தேறிவிட்டது, ஆனால் மண் இழந்த சுண்ணாம்புச் சத்து அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. அதனால்தான் அதே மாநிலத்தின் செயின்ட் மேரிஸ் ஆற்றில் 1999-இல் ஹெலிகாப்டரில் சுண்ணாம்புக்கல் மணலைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பூச்சியும் மீனும் திரும்பின. சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கொட்டியாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி: தண்ணீர் குளிர்ச்சி, பூச்சி உண்டு, ஆனாலும் மீன் கொஞ்சம்தான், அதுவும் பொடி

ஓடையின் வடிவத்தைப் பாருங்கள். கணுக்கால் ஆழத்தில், பெருக்கி விட்ட தெரு மாதிரி நேராக ஓடினால் மரக்கட்டை இல்லாத குறை. 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய மரத்தை வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுபோவதற்காக ஓடைகளில் கிடந்த கட்டையையும் பாறையையும் எடுத்துத் துடைத்துவிட்டார்கள். அப்புறம் வளர்ந்த காட்டு மரங்கள் இன்னும் தானாக விழும் வயதுக்கு வரவில்லை.

கரையோர மரத்தையே சாய்த்து ஓடைக்குள் போடுவதுதான் மருந்து. ஓடை அகலத்தைவிட ஒன்றரை மடங்காவது நீளம் இருந்தால் கரை மரங்களுக்கு இடையில் சிக்கி நிற்கும். வேரோடு கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் கட்டையில் மோதி அடியில் மடு தோண்டும், பின்னால் சரளையைச் சேர்க்கும், இலையைப் பிடித்துவைக்கும், அந்த இலையைத் தின்னப் பூச்சி வரும். கீழே பக்கத்தில் பாலமோ வீடோ இருந்தால் செய்யாதீர்கள், ஓடைக்குள் எந்த வேலைக்கும் அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் "குப்பை மாதிரி இருக்கே, வெள்ளத்துக்குப் பிறகு அள்ளிடலாமா?" என்று கேட்டார். அடுத்த கோடையில் அவரையே கூட்டிப்போய் அந்தக் கட்டைக்கடியில் இடுப்பளவு ஆழத்தையும், நிழலில் நின்ற மீனையும் காட்டினேன். அதற்கப்புறம் அவர் அள்ளவில்லை.

இன்னும் சில, சுருக்கமாக

ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினது போல வெள்ளைப் பொட்டு இருந்தால் அது ஜப்பானிலிருந்து வந்த அடெல்ஜிட் பூச்சி, 1951-இல் வர்ஜீனியாவில் ரிச்மண்ட் பக்கம் முதலில் தெரிந்தது. கோடையிலும் ஓடையைக் குளுகுளுவென்று வைத்திருக்கும் மரம் அது, பட்டுப்போனால் முதல் அறிகுறிக்குத் திரும்ப வேண்டியதுதான். மருந்து உண்டு, ஆனால் தண்ணீரை ஒட்டிய மரங்களுக்கு உரிமம் உள்ளவரைக் கொண்டு மட்டும் போடுங்கள், அது ஓடைப் பூச்சியையும் கொல்லும்.

செவுளில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் செவுள் பேன். இது ப்ரூக் ட்ரவுட் வகையைத்தான் பிடிக்கும், ப்ரவுனைப் பிடிக்காது. படம் எடுத்து மாநில மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். வேறு ஓடைக்குப் போவதற்கு முன் பூட்ஸைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள்.

பீவர் (மரத்தைக் கடித்து ஓடையில் அணை கட்டும் விலங்கு) அணை கட்டியிருந்தால் உடனே உடைக்காதீர்கள். சரிவான மலை ஓடையில் அந்த மடு வறட்சியில் மீனைக் காப்பாற்றலாம், தட்டையான நிலத்தில் சூடேற்றிக் கெடுக்கலாம். அணைக்கு மேலும் கீழும் லாகர் போட்டு ஒரு கோடை பாருங்கள்.

சரிசெய்த பிறகு

ஒரு வருடத்தில் பலன் தேடாதீர்கள். ஒரு தலைமுறை மீனுக்கு மூன்று வருடம் கொடுங்கள், ஒவ்வொரு வருடமும் அதே தேதி வாக்கில், அதே இடத்தில் பாருங்கள். லாகரைக் குளிர்காலத்திலும் தண்ணீரிலேயே விட்டு வையுங்கள், முட்டை கிடக்கும் மாதங்களின் கணக்குத்தான் பலரிடமும் இல்லை.

பதினேழு தடவை மீன் தாவியதாகச் சொன்னேனே, அந்தக் குழாயைப் போராடி மாற்றினோம். மூன்றாவது அக்டோபரில் பாலத்துக்கு மேலே நானூறு அடி தள்ளி, ஒரு சாய்ந்த ஆல்டருக்கு அடியில், கறுத்த கற்களுக்கு நடுவே இரண்டு சாண் நீளத்துக்கு வெளிர்நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. நோட்டில் தேதியையும், தண்ணீர் 9 டிகிரி என்பதையும் குறித்துக்கொண்டு, ஆல்டர் கிளையில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டு, ஓடையில் இறங்காமல் கரையோரமாகவே நடந்து திரும்பினோம்.